பந்தயக் காரும் டிரெய்லரும்: காப்புறுதி எங்கே நின்றுவிடுகிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கார்ப் பந்தயம் என்றாலே அது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உண்டு. சிப்பாங் பந்தயத் தடம் 1999-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, 2017 வரை அங்கு ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. அந்நாளில் தொலைக்காட்சியில் கண்ட பகட்டு அந்த எண்ணத்தை இன்னும் வளர்த்துவிட்டது. ஆனால் அதே 5.543 கிலோமீட்டர் தடத்தில் வார இறுதிகளில் பழைய புரோட்டோன் சத்ரியாவையும் ஹோண்டா சிவிக்கையும் ஓட்டிப் பார்ப்பவர்களில் பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள், மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து உதிரி பாகம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கார் பொழுதுபோக்கு மட்டுமன்று. வீட்டில் சண்டை போட்டுச் சேர்த்த பணம்.

ஈப்போவில் சிறிய பட்டறை நடத்தும் ஒருவரை உதாரணத்திற்கு எடுத்துக்கொள்வோம். அவரிடம் ஒரு பழைய சத்ரியா. அதற்குள் ரோல் கேஜ் பொருத்தி, பந்தய இருக்கையும் வார்களும் வாங்கி, இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டி, கொஞ்சம் கொஞ்சமாக 50,000 வெள்ளி செலவிட்டிருக்கிறார். காரை ஏற்றிச் செல்ல இரண்டாவது கையாக ஒரு டிரெய்லர். இழுப்பதற்கு ஒரு பிக்கப். "இதற்கெல்லாம் காப்புறுதி இருக்கிறதா?" என்று கேட்டால், "பிக்கப்புக்குக் கொம்ப்ரிஹென்சிவ் எடுத்திருக்கேன், பின்னால கட்டி இழுக்கிறதும் அதுல அடங்கிடும்" என்பார். பெரும்பாலோர் தரும் பதில் இதுதான். இதில் பாதி தவறு. மீதிப் பாதியைப் பாலிசியைப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

முதலில் சட்டம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, சாலையில் ஓடும் வாகனத்திற்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'சாலை'. அடுத்துக் கவனிக்க வேண்டியது, அந்தக் கட்டாயம் பிறருடைய உயிருக்கும் உடலுக்கும் ஏற்படும் பாதிப்பு சம்பந்தப்பட்டது என்பது. உங்கள் காரைக் காப்பாற்றுவது சட்டத்தின் வேலை அல்ல. அது நீங்கள் விருப்பப்பட்டு வாங்கும் பாதுகாப்பு.

அப்படி வாங்கும் முழுக் காப்புறுதிப் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பகுதி இருக்கும். சொந்தத் தேவை, குடும்பத் தேவை, உல்லாசம், தொழில் நிமித்தம் போய் வருவது ஆகியவை அனுமதி. வாடகைக்கு விடுவது, பந்தயம், வேகச் சோதனை, தாக்குப்பிடிக்கும் சோதனை ஆகியவை இல்லை. நம் நாட்டில் 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து முழுக் காப்புறுதியின் சந்தா தாராளமயமாக்கப்பட்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறத் தொடங்கியது. ஆனால் பந்தயத்தை ஒதுக்கிவைக்கும் அந்த வரி அதனால் போய்விடவில்லை.

காப்புறுதிக்காரர்கள் மனசாட்சி இல்லாதவர்கள் என்று இதைக் கேட்டுச் சிலர் திட்டுவதுண்டு. கொஞ்சம் நியாயமாகப் பார்க்க வேண்டும். காப்புறுதி என்பது பலர் போட்டு வைக்கும் பொதுப் பணம். எதிர்பாராமல் நேரும் இழப்புக்காக அது இருக்கிறது. பந்தயத் தடத்தில் ஒரு வளைவுக்குள் மூன்று கார்கள் ஒன்றாக நுழைந்தால், யாராவது ஒருவருடைய கதவு நசுங்கும் என்பது எதிர்பார்த்ததுதான். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவிடும் தாயார் கட்டும் சந்தாவில் அந்தக் கதவைச் சரிசெய்வது முறையாகாது. பந்தயத்துக்கெனத் தனிப் பாலிசி வேண்டும் என்பதன் காரணம் இவ்வளவுதான்.

பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அத்தகைய தனிப் பாலிசிகள் நெடுங்காலமாக விற்கப்படுகின்றன. அவற்றின் அமைப்பைத் தெரிந்துகொண்டால், இங்கே முகவரிடம் என்ன கேட்பது என்பது விளங்கும். ஒன்று, கார் பட்டறையில் நிற்கும்போதும், டிரெய்லரில் போகும்போதும், பந்தயத் தடத்தின் பேடாக்கில் காத்திருக்கும்போதும் தீ, திருட்டு, விபத்து ஆகியவற்றுக்கு எதிரான பாதுகாப்பு. இதற்குச் சந்தா ஓரளவு தாங்கக்கூடியது. மற்றொன்று, தடத்தில் ஓடும்போது ஏற்படும் மோதலுக்கான பாதுகாப்பு. அது விலை அதிகம். எக்செஸ் எனப்படும் சொந்தப் பங்கும் பெரிது. சிறிய மோதல்களின் செலவு பெரும்பாலும் அந்தச் சொந்தப் பங்குக்குள்ளேயே அடங்கிவிடும். இயந்திரம் வெடித்தாலோ, கியர்பாக்ஸ் உடைந்தாலோ அது மோதல் அல்ல, பழுது. அதற்குப் பணம் வராது.

சிறிய பட்டறைக்காரர் தடத்து மோதலுக்குப் பாலிசி தேடி அலைவதைவிட முதல் வகையைத் தேடுவதே புத்திசாலித்தனம். தடத்தில் ஏற்படும் இழப்பை அவர் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார். கார் ஓடாமல் சும்மா இருக்கும்போது ஏற்படும் இழப்பை அவர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. கணக்குப் பாருங்கள்: ஒரு பந்தய வார இறுதியில் அந்தக் கார் தடத்தில் ஓடுவது ஒரு மணி, இரண்டு மணி. நெடுஞ்சாலையில் டிரெய்லரின் மேல் இருப்பது போக வர ஆறு, ஏழு மணி. மற்ற நாளெல்லாம் பட்டறைக்குள் நிற்கிறது, வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில்.

சாலை வரி இல்லாமல் பட்டறையில் நிற்கும் காருக்கு வழக்கமான மோட்டார் பாலிசி இருக்காது. பட்டறைக்குத் தீக்காப்புறுதி இருந்தாலும், அதில் கட்டடமும் கருவிகளும் எழுதப்பட்டிருக்குமே தவிர இந்தக் கார் எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகம். எழுதச் சொன்னால்தான் எழுதுவார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமை இரவு. பட்டறைக்காரர் பிக்கப்பில் டிரெய்லரைக் கொளுவிக்கொண்டு ஈப்போவிலிருந்து புறப்படுகிறார். தஞ்சோங் மாலிம் தாண்டி, ஓர் இறக்கத்தில், டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்குகிறது. தடுப்பில் மோதிக் கவிழ்கிறது. பின்னால் வந்த ஒரு காரும் அதில் மோதி, அதிலிருந்தவருக்குக் காயம். இப்படி ஒரு விபத்து நடந்தால் யார் எதற்குப் பணம் தருவார்கள்?

காயம்பட்டவருக்குப் பிக்கப்பின் மூன்றாம் தரப்புக் காப்புறுதி வழியாக இழப்பீடு தேட வேண்டும். பிக்கப்பின் சேதத்துக்கு அதன் முழுக் காப்புறுதி. டிரெய்லர்? அது தனி வாகனம், அதற்குத் தனி மதிப்பு உண்டு. பாலிசியில் எண்டோர்ஸ்மெண்ட் எனப்படும் கூடுதல் இணைப்பு மூலம் அதன் பதிவு எண்ணும் மதிப்பும் எழுதப்பட்டிருந்தால்தான் அதைப் பற்றிப் பேசவே முடியும். காயம்பட்டவர் தொடுக்கும் கோரிக்கையில்கூட, டிரெய்லர் இழுப்பதை ஏன் தெரிவிக்கவில்லை என்ற கேள்வி எழலாம். ஆகவே அந்த இணைப்பு இரும்புச் சட்டத்தின் விலைக்காக மட்டும் எடுப்பதன்று.

கடைசியாக, டிரெய்லரின் மேல் இருந்த 50,000 வெள்ளி சத்ரியா. அதற்கு ஒரு காசும் இல்லை. மோட்டார் பாலிசிகளில், காப்புறுதி எடுத்தவரின் சொந்தப் பொருள், அவர் பொறுப்பில் உள்ள பொருள், வாகனத்தில் ஏற்றிச் செல்லப்படும் பொருள் ஆகியவற்றின் சேதம் மூன்றாம் தரப்புப் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டிருக்கும். டிரெய்லரில் ஏறியவுடன் அந்தக் கார், கார் என்ற தகுதியை இழந்து சரக்காகிவிடுகிறது. மூட்டை அரிசிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

டிரெய்லர் வேண்டாம், இழுவை லோரியை வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம் என்று பலர் செய்கிறார்கள். அதிலும் இதே சிக்கல்தான். லோரியின் காப்புறுதி லோரிக்கு உரியது. ஏற்றிச் செல்லும் சரக்குக்குத் தனியாகப் பாலிசி எடுத்திருக்கிறாரா என்று லோரிக்காரரிடம் கேட்டு, அதன் நகலையும் வாங்கிப் பார்க்க வேண்டும். வாய் வார்த்தையாக "எல்லாம் இருக்கு பாஸ்" என்பதை நம்பிக் காரை ஏற்றக் கூடாது.

சரக்குக்கு உரிய பாலிசியை 'உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்புறுதி' என்பார்கள். காப்புறுதி நிறுவனங்களில் இதைக் கடல்சார் பிரிவு கவனிப்பது வழக்கம். நெடுஞ்சாலையில் போகும் காருக்குக் கப்பல் பிரிவில் பாலிசியா என்று வியக்கலாம். சரக்குக் காப்புறுதி கப்பலில்தான் வளர்ந்தது, பிறகுதான் கரையேறியது. மோட்டார் பிரிவில் 'முடியாது' என்று சொன்ன அதே நிறுவனத்தில், அடுத்த மேசையில் 'முடியும்' என்று சொல்ல வாய்ப்பு உண்டு. முகவர்கள் பலர் இந்த இரண்டாவது மேசைக்குப் போவதே இல்லை.

அந்தப் பாலிசிக்கும் நிபந்தனைகள் இருக்கும். ஏற்றுவதும் இறக்குவதும் அடங்குமா என்பது முதல் கேள்வி. சரிவுப் பலகையில் ஏறும்போது கம்பி அறுந்து கார் பின்னால் உருண்டுவிடுவது வழக்கமாக நடப்பதுதான். இரண்டாவது, ஆளில்லாமல் நிறுத்தி வைப்பது. பட்டறைக்காரர் வெள்ளிக்கிழமை இரவு நீலாயில் மைத்துனர் வீட்டில் தங்குகிறார் என்றால், டிரெய்லர் அந்த வரிசை வீட்டின் முன் சாலையோரத்தில் நிற்கும். பூட்டிய வளாகத்துக்குள் இருக்க வேண்டும், கொக்கிக்கும் சக்கரத்துக்கும் பூட்டுப் போட்டிருக்க வேண்டும் என்று பாலிசியில் இருந்தால், காலையில் டிரெய்லரைக் காணோம் என்று சொல்வதில் பயன் இல்லை. டிரெய்லரோடு திருடுவது கள்ளனுக்குச் சுலபம். காரைக் கிளப்ப வேண்டிய வேலைகூட இல்லை.

டிரெய்லர் ஏன் ஆடுகிறது என்பதும் காப்புறுதிக்குச் சம்பந்தமுள்ள விஷயம். சரியாகப் பராமரிக்காத, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வாகனம் என்று மதிப்பீட்டாளர் எழுதிவிட்டால் கோரிக்கை சிக்கலாகும். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்னால் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் விதி. 1,000 கிலோ காரும் 600 கிலோ டிரெய்லரும் என்றால் குறைந்தது 160 கிலோ. சத்ரியா போன்ற காரில் இயந்திரம் முன்பக்கம் இருக்கிறது. அதைப் பின்பக்கமாக ஏற்றினால் கனம் டிரெய்லரின் வாலுக்குப் போய்விடும், ஆட்டம் தொடங்கும். இன்னொன்று டயர். ஆண்டில் சில தடவை மட்டுமே ஓடும் டிரெய்லரின் டயர் தேய்வதில்லை. வெயிலில் நின்றே வெடித்துப்போகிறது. பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும்.

ஐரோப்பாவில் நடந்த ஒரு வழக்கை இங்கே சொல்ல வேண்டும். பந்தயத்துக்கும் அதற்கும் தொடக்கத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. 2007 ஆகஸ்டு மாதம், ஸ்லொவேனியா நாட்டில் ஒரு பண்ணையில் வைக்கோல் கட்டுகளைக் களஞ்சியத்தின் மேல்தளத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டிரெய்லர் பூட்டிய டிராக்டர் ஒன்று முற்றத்தில் பின்னோக்கி வந்தபோது, டிரெய்லர் ஒரு ஏணியில் மோதியது. ஏணியில் நின்றவர் விழுந்து அடிபட்டார். டிராக்டரின் காப்புறுதி நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டார். அது சாலையும் அல்ல, டிராக்டர் அங்கே போக்குவரத்துக்குப் பயன்படவும் இல்லை என்று உள்நாட்டு நீதிமன்றங்களில் அவருக்கு எதிராக முடிவானது. விவகாரம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2014 செப்டம்பர் 4-ஆம் தேதி அந்த நீதிமன்றம், வாகனத்தின் இயல்பான பணிக்கு ஏற்ற எந்தப் பயன்பாடும் கட்டாயக் காப்புறுதிக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது.

அடிபட்ட தொழிலாளிக்கு அது நியாயம். ஆனால் பந்தயக்காரர்களுக்கு இடி விழுந்தது போலாயிற்று. பந்தயக் காரின் இயல்பான பணி பந்தயத்தில் ஓடுவது அல்லவா? அப்படியானால் தடத்தில் ஓடும் ஒவ்வொரு காரும், ஒருவரையொருவர் மோதினால் அந்த மோதலுக்கும் சேர்த்து, கட்டாயக் காப்புறுதி எடுக்க வேண்டும். அப்படி விற்க எந்த நிறுவனமும் முன்வராது, விளையாட்டே நின்றுவிடும் என்று பிரிட்டனின் பந்தய அமைப்புகள் எச்சரித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன், 2022-ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றி அந்தத் தீர்ப்பின் விளைவை நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியமும் 2021-இல் தன் உத்தரவைத் திருத்தியது. வேலியிட்ட இடத்தில் நடக்கும் பந்தயத்துக்கு நாடுகள் விலக்கு அளிக்கலாம். ஆனால் ஏற்பாட்டாளர் பார்வையாளர்களையும் அருகில் நிற்பவர்களையும் காக்கும் வேறு காப்புறுதியை எடுத்திருக்க வேண்டும். பங்குபெறும் ஓட்டுநர்களும் அவர்களுடைய கார்களும் அதில் அடங்க வேண்டிய அவசியம் இல்லை என்று அந்த உத்தரவே சொல்கிறது.

பார்வையாளருக்கு முதலிடம் தரப்படுவது சரியே. 1955 ஜூன் 11-ஆம் தேதி பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்தை நோக்கிச் சிதறி, 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை நினைத்தால், ஏற்பாட்டாளரிடம் பொதுப் பொறுப்புக் காப்புறுதி கேட்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால் "ஏற்பாட்டாளர் காப்புறுதி எடுத்திருக்கிறார்" என்ற வாசகத்தைக் கேட்டு, அதில் தன் காரும் அடங்கும் என்று நம்பிவிடும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். காலையில் பதிவு மேசையில் நீட்டப்படும் பொறுப்புத் துறப்புக் கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவதால் வரும் மயக்கம் இது. சில தடங்களில் தடுப்பு வேலியை உடைத்தால் அதற்கான செலவையும் ஓட்டுநரே கட்ட வேண்டும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பழைய தடம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் நேரத்தில் சட்டப்படி அது கட்டணச் சாலை. சாலைதானே என்று நம்பி ஓட்டி வேலியில் மோதியவர்கள் வேலிக்கும் பணம் கட்டியிருக்கிறார்கள்.

ஓட்டுநரின் உடம்புக்கும் இதே நிலைதான். தனிநபர் விபத்துக் காப்புறுதியில் விலக்குகளின் பட்டியலைப் பாருங்கள். 'கால்களால் ஓடும் பந்தயம் தவிர மற்ற எல்லாப் பந்தயங்களும்' என்று ஒரு வரி இருக்கும். இந்த வரியை மனைவியும் படித்துவிடுவது நல்லது.

மதிப்பு பற்றிய தகராறு எப்போதும் பின்னால்தான் வரும். வழக்கமான கார் என்றால் சந்தை விலை உண்டு. பந்தயத்துக்காக உள்ளே எல்லாவற்றையும் கழற்றிய பழைய சத்ரியாவுக்குச் சந்தை விலை என்ன? மதிப்பீட்டாளர் பழைய காரின் விலையைத்தான் எழுதுவார். ஆகவே முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி கேட்க வேண்டும். அதற்கு ரசீதுகள் வேண்டும், சட்டக எண் வேண்டும், ரோல் கேஜ் முதல் கணினிப் பெட்டி வரை படங்கள் வேண்டும். பட்டறைக்காரர்கள் பிறருக்கு ரசீது எழுதிக் கொடுப்பார்கள். தங்கள் காருக்குத் தாங்களே செய்த வேலைக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வைத்திருக்க மாட்டார்கள். பந்தய வார்களுக்கும் இருக்கைக்கும் இத்தனை ஆண்டு ஆயுள் என்று உலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனத்தின் தரம் நிர்ணயிக்கிறது. காலாவதியான வாருக்கு வாங்கிய விலையைக் கேட்க முடியாது.

முகவர்கள் விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை தேவை. "பந்தயம்னு எழுத வேண்டாம்ணே, சந்தா ஏறிடும், இல்லேன்னா வேணாம்னுடுவாங்க" என்று நல்லெண்ணத்தோடு சொல்லும் முகவர்கள் உண்டு. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டம், விண்ணப்பத்தில் தவறான தகவல் தராதிருக்க வேண்டிய கடமையைக் காப்புறுதி எடுப்பவர் மீது சுமத்துகிறது. வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் நிறுவனம் பாலிசியையே ரத்து செய்யலாம். சந்தாவில் மிச்சம் பிடித்த சில நூறு வெள்ளிக்காக முழுப் பாலிசியும் போய்விடும். அந்த முகவர் அப்போது தொலைபேசியை எடுக்க மாட்டார். பந்தயம் என்று எழுதி, மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு அடுத்த நிறுவனத்துக்குப் போவதே நேர்மையான வழி. அதில் நேரம் செலவாகும் என்பது உண்மை.

எல்லை தாண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் எடுக்கும் வழக்கமான மோட்டார் பாலிசி சிங்கப்பூர், மேற்கு மலேசியா, தாய்லாந்தில் எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரை செல்லும். சிப்பாங்குக்கு அது போதும், அதுவும் இழுக்கும் வாகனத்துக்கு மட்டும். தாய்லாந்தின் பூரிராம் தடத்துக்குப் போவதென்றால் அந்த 80 கிலோமீட்டர் எங்கோ பின்தங்கிவிடும். சரக்குப் பாலிசியிலும் 'உள்நாடு' என்று எழுதியிருந்தால் அது எல்லையோடு நின்றுவிடும்.

ஞாயிறு மாலைக்கு வருவோம். பட்டறைக்காரரின் கார் அன்று தடத்தில் இடது பக்கம் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. ஏற்றிக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்குத் திரும்புகிறார். வழியில் டிரெய்லர் மோதி இன்னும் நசுங்குகிறது. சாலை விபத்துக்கு 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும், செய்கிறார். போக்குவரத்துப் பாலிசியும் வைத்திருக்கிறார். ஆனால் எந்த நசுங்கல் தடத்தில் வந்தது, எது சாலையில் வந்தது? அதை நிரூபிக்க முடியாவிட்டால் இடது பக்கம் முழுவதும் தடத்தின் கணக்கில் போய்விடும். அதனால்தான் அனுபவசாலிகள் காரை ஏற்றும்போது ஒரு முறையும், கட்டி முடித்த பிறகு ஒரு முறையும், நான்கு பக்கமும், தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து, புறப்படும் முன்பே முகவருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.